நாய் கூட்டிப்போன ஜன்னல்

எங்கள் மலையூரான வால்தெசெர்னாவில் நாயை யாரும் நடத்திக்கொண்டு போனதில்லை. காலையில் கதவைத் திறந்துவிட்டால் அது தன் வேலையைப் பார்க்கப் போகும், பசித்தால் திரும்பி வரும். கழுத்தில் வார் மாட்டி, அதன் கழிவை அள்ளக் கையில் பையோடு பின்னாலேயே நடந்து, அது ஒவ்வொரு கல்லையும் மோந்து முடிக்கும்வரை காத்து நிற்பதெல்லாம் ஆகஸ்டில் மத்ரித்திலிருந்து வரும் விடுமுறைக்காரர்கள் செய்கிற கூத்து. ஊர்க்காரர்கள் மதுக்கடை வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அந்த மார்ச் மாதம் நோய் வந்தது. எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. ரொட்டி வாங்கப் போகலாம், மருந்து வாங்கப் போகலாம், நாயை நடத்தப் போகலாம். உத்தரவை எழுதியவர் மாடிக் குடியிருப்பில் வாழ்கிறவராகத்தான் இருக்க வேண்டும். நாள் முழுக்க நடந்தாலும் நாலு ஆட்டைத் தவிர யாரையும் உரசாத எங்கள் மலைக்கும் அதே உத்தரவுதான். இரண்டே நாளில் ஊர் நாய்கள் எல்லாவற்றுக்கும் கயிறு வந்துவிட்டது. வைக்கோல் கட்டுகிற கயிறு, துணி காயப்போடுகிற கொடி, ஒரு வீட்டில் செத்துப்போன மாமனாரின் இடுப்புவார். பிறந்ததிலிருந்து கயிறைக் கண்டிராத நாய்கள் அவமானம் தாங்காமல் தெருவிலேயே படுத்துக்கொண்டன. நாயை இழுத்துக்கொண்டு போன மனிதர்களைப் பார்த்தால், ஏதோ திருட்டு மூட்டையை இழுத்துப் போகிறவர்கள் மாதிரி இருந்தது.

எலாதியா துணிக்கொடியை அறுத்து எடுத்தாள். அவளுக்கு நாய் என்றாலே ஆகாது. வீட்டில் இருந்தது அவள் புருஷன் மார்சியாலின் நாய், கனேலா. லவங்கப்பட்டை நிறத்தில் இருக்கும் வேட்டைப் பெட்டை. அவள் அதற்குச் சோறு போடுவாள், தொடமாட்டாள். தொட்டால் கையைக் கழுவுவாள். இதற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆன சமயம். கணவாய்க்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்த அவள் அம்மாவுக்கு உடம்புக்கு ரொம்ப முடியவில்லை என்று மதுக்கடைக்குப் போன் வந்தது. அப்போது ஊருக்கே அந்த ஒரு போன்தான். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, காட்டுப்பன்றி வேட்டை. யார் எந்த இடத்தில் நிற்பது என்று சீட்டுக் குலுக்கி முடித்திருந்தார்கள். மார்சியாலுக்கு நல்ல இடம் விழுந்திருந்தது. "மத்தியானம் வந்து கூட்டிட்டுப் போறேன், அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாது" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியோடு கிளம்பினான். எலாதியா கோட்டு போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தாள். இருட்டுகிற நேரத்தில் வந்தான். கையில் ரத்தம். பன்றி கிழித்த நாயைக் காரின் பின்சீட்டில் போட்டிருந்தான். அவள் ஏறப் போனபோது, "நீ இரு, இத முதல்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன், குடல் வெளிய வந்திருக்கு" என்று சொல்லி எதிர்ப்பக்கம், பட்டணத்துக்கு, வண்டியை விட்டான். அவன் திரும்பி வருவதற்குள் மதுக்கடைக்காரன் வந்து, அம்மா போய்விட்டாள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நாய் பிழைத்துக்கொண்டது.

மார்சியால் வந்து விஷயம் கேட்டான். தொப்பியைக் கழற்றினான். ஆணியில் மாட்டினான். பிறகு, "சாப்பிட என்ன இருக்கு" என்றான்.

அவ்வளவுதான். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். அவன் கெட்டவன் இல்லை. குடித்து அடிக்கிற ஆள் இல்லை, சம்பாதித்ததைக் கொண்டுவந்து கொடுத்தான், குழந்தை இல்லை என்று ஒருநாளும் குத்திக் காட்டியதில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. தப்பு பண்ணிவிட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எலாதியா கேட்கவும் இல்லை. கேட்டு வாங்குவதற்கு அது என்ன கடன் கொடுத்த அரிசியா? அவனாக வந்து சொல்வான் என்று காத்திருந்தாள். சொன்னால் என்ன பதில் சொல்வது என்றும் முடிவு செய்து வைத்திருந்தாள். உடனே மன்னிக்கப் போவதில்லை. கோட்டு போட்டுக்கொண்டு தான் உட்கார்ந்திருந்தது போல அவனும் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கட்டும். இதை யோசிக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரும். மனுஷிக்கு வேறு என்னதான் இருந்தது.

வயதானதும் மார்சியாலுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. முதலில் சாவி, பிறகு ஊர்ப்பெயர், பிறகு வீட்டுக்கு வரும் வழி. கடைசியில் ஊர்க்கோடியில் இருந்த முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. எலாதியா தினமும் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு அவளைத் தெரியாது. யாரோ தயவான அம்மாள் தன்னைப் பார்க்க வருவதாக நினைத்துக்கொண்டு, மரியாதையாகப் பேசுவான். ஒருநாள் அவள் கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"எம் பொண்டாட்டிய எங்கயாச்சும் பாத்தீங்கன்னா வரச் சொல்லுங்கம்மா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

எலாதியா குனிந்து அவன் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனாள். "எங்கிட்ட சொல்லு மார்சியால். நான்தான் எலாதியா."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். "எம் பொண்டாட்டி நல்லா வாட்டசாட்டமா இருப்பா. நீங்க குச்சி மாதிரி இருக்கீங்க."

"சரி, எங்கிட்ட சொல்லுங்க, நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

"உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அது அவளுக்குச் சொல்ல வேண்டியது."

அன்றிலிருந்து அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு போய்வந்தாள். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு ஒரு நிமிஷம் தெளிவு வரும், தன்னை அடையாளம் தெரியும், சொல்லிவிடுவான். அந்த ஒரு நிமிஷத்தில் தான் பக்கத்தில் இருக்க வேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் மிச்சம் இருந்த ஆசை அது ஒன்றுதான். அந்த நேரம் பார்த்துத்தான் நோய் வந்தது, இல்லத்தின் கதவைச் சாத்தினார்கள்.

கதவு சாத்தினால் என்ன, மார்சியாலின் அறை தரைத்தளத்தில் ரோட்டைப் பார்த்து இருந்தது. ஜன்னலின் மேல்பக்கம் கை நுழைகிற அளவுக்குச் சாய்த்துத் திறக்கலாம். ரோட்டுக்கு வர ஒரு காரணம் வேண்டும். காரணம் சமையல்கட்டில் அடுப்போரம் படுத்திருந்தது. எந்த நாயைக் காப்பாற்றுவதற்காகத் தன் அம்மாவைச் சாகவிட்டானோ அதன் வம்சத்தில் வந்த கனேலாவின் கழுத்திலேயே கயிறைக் கட்டிக்கொண்டு போக வேண்டிய நிலைமை தனக்கு வந்ததை நினைத்து எலாதியா பல்லைக் கடித்தாள். ஆனாலும் கட்டினாள்.

கனேலா முதல் நாள் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன் என்றது. இரண்டாம் நாள் ஜன்னலுக்குள் மார்சியாலைப் பார்த்த பிறகு, மூன்றாம் நாளிலிருந்து அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. சுவரில் முன்கால் வைத்து எழுந்து கண்ணாடியை நக்கும். மார்சியால் உள்ளே இருந்து கண்ணாடியைத் தடவுவான். "வாடி என் ராசாத்தி, வாடி கனேலா" என்பான். நாயின் பெயர் மட்டும் அவனுக்கு மறக்கவேயில்லை. பிறகு எலாதியாவைப் பார்த்து, "ரொட்டி மட்டும் போட்டாப் போதாதுங்க, எலும்பும் போடுங்க" என்பான். அவள், "போடறேங்க" என்பாள். ஒவ்வொரு நாளும் இதேதான். அவள் முகமூடிக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

இல்லத்துக்குப் போகிற ரோட்டைப் பார்த்து ஊரில் ஒரே ஒரு வீட்டு ஜன்னல்தான் உண்டு. அது பெனிதாவுடையது. பெனிதா எலாதியாவோடு பள்ளிக்கூடம் போனவள், விதவை, கோயிலுக்குப் பூ வைக்கிறவள். பேசாமல் இருந்தால் அவளுக்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். ஊரடங்கில் ஒரு வாரம் பேச ஆள் இல்லாமல் பாதியாக இளைத்துவிட்டதாக அவளே சொன்னாள். பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் எலாதியா வரும்போது ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

"அடியே, அந்த நாய அரை மணி நேரம் எங்கிட்ட குடேன். எனக்குச் சுவரெல்லாம் மேல வந்து விழற மாதிரி இருக்கு."

"நாய் என்ன சைக்கிளா, வாடகைக்கு விட?"

"ஊர்ல எல்லாரும் நாய மாத்தி மாத்தி வெச்சுக்கறாங்க. ஏவாரிஸ்தோ வீட்டு நாய் இன்னிக்கு நாலாவது தடவையா நடக்குது. பாவம், அதுக்குக் காலே போச்சு."

"அந்த நாய கேளு அப்ப."

"நீ மட்டும் தினம் போய் புருஷனப் பாத்துட்டு வருவ. நாங்க உள்ள கிடந்து சாகணும். உத்தரவுல நாய நடத்தலாம்னுதான் இருக்கு, புருஷனப் பாக்கலாம்னு இல்ல, தெரியுமா?"

"தெரியும். நீ தினம் அத ஜன்னல்ல உக்காந்து படிச்சுக்கிட்டே இரு."

பெனிதா ஜன்னலைச் சாத்தினாள். அடுத்த நாள் எலாதியா கண்ணாடிப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போது காவலர் வண்டி வந்து நின்றது. ஒருவர் இறங்காமலே பேசினார்.

"அம்மா, நாய நடத்தறதுன்னா வீட்டச் சுத்தி நடத்துங்க. இவ்வளவு தூரம் எதுக்கு வர்றீங்க?"

"இதுக்கு இங்க வந்தாத்தான் வருது."

"என்ன, ஜன்னலப் பாத்தாத்தான் வருமா?"

"ஆமா. கூச்ச சுபாவம்."

அவர் சிரிக்கவில்லை. "அடுத்த தடவ அபராதம் எழுதிக் குடுக்க வேண்டியிருக்கும்மா. வீட்டுக்குப் போங்க. எங்களுக்குப் புகார் வந்தா நாங்க வந்துதான் ஆகணும்."

"யாரு புகார் பண்ணாங்க?"

"அத சொல்லக்கூடாது."

சொல்லவே வேண்டியதில்லை. அவள் திரும்பி வரும்போது பெனிதாவின் ஜன்னல் திரை லேசாக ஆடியது. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்களுக்காக எல்லோரும் ஜன்னலில் நின்று கைதட்டும்போது பெனிதா எல்லோரையும்விட பலமாகத் தட்டினாள்.

அந்த வாரமே எலாதியாவுக்குக் காய்ச்சல் வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் போனிலேயே எல்லாம் கேட்டுவிட்டு, வாசலைத் தாண்டக் கூடாது, யாரையும் உள்ளே விடக் கூடாது என்று சொன்னாள். பூண்டு சூப் வைக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். சாயங்காலம் ஆனால் கனேலா கதவைப் பிறாண்டும். ஊரே கேட்கிற மாதிரி ஊளையிடும். மூன்றாம் நாள் வாசலில் பெனிதாவின் குரல் கேட்டது.

"எலாதியா, கதவத் திறந்து நாய மட்டும் வெளிய விடு. நான் நடத்திட்டு வர்றேன். அது போடற சத்தத்துல என் மண்டை வெடிக்குது."

கொடுக்க மாட்டேன் என்று சொல்ல எலாதியாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. நாய் எங்கே இழுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தெரியும். தான் போக முடியாவிட்டாலும் அவன் நாயையாவது பார்க்கட்டும். அதைப் பார்த்தால் மனசு தெளிவாக இருக்கும், தான் எழுந்து போகும்வரை அந்தத் தெளிவு நிற்கும். கதவை ஒருக்களித்துத் திறந்து கயிறை வெளியே எறிந்தாள்.

பெனிதா தினமும் வந்தாள். காவலர்கள் யாரும் அவளை நிறுத்தவில்லை. ஊரில் புகார் செய்கிற ஒரே ஆள் நாயோடு ரோட்டில் நடந்துகொண்டிருந்தால் போன் யார் பண்ணுவது? ஒவ்வொரு நாளும் கயிறைத் திருப்பித் தள்ளிவிட்டு, "நல்லா இருக்காரு உன் வீட்டுக்காரர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். முதலில் அவசரமாகப் போனவள், பிறகு பிறகு நேரம் கழித்து வர ஆரம்பித்தாள். கொஞ்சம் உதட்டுச்சாயமும் பூசிக்கொண்டிருந்தாள். முகமூடிக்குள் அது யாருக்காம்.

காய்ச்சல் விட்டு, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று நர்ஸ் வெளியே போகலாம் என்று சொன்னாள். அன்று பெனிதா நாயைக் கொண்டுவந்து விட்டபோது எலாதியா வாசல் கதவை முழுசாகத் திறந்துகொண்டு நின்றாள்.

"நாளையிலேர்ந்து நானே போறேன்."

பெனிதாவின் முகம் வாடிப்போனது. கயிறைக் கொடுக்காமல் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். "நேத்து உன் வீட்டுக்காரர் எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. பாவம், அழுதாரு."

"உங்கிட்ட எதுக்கு?"

"எங்கிட்டயா? உங்கிட்டதான். முதல் நாளே என்னப் பாத்து எலாதியாவான்னு கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன். இல்லேன்னா மனசு உடைஞ்சுடும் போல இருந்துது. அன்னிலேர்ந்து நான்தான் எலாதியா. என்ன, நீ முன்னாடி எம் மாதிரி வாட்டசாட்டமாத்தான இருந்த."

எலாதியா ஒரு அடி முன்னால் வந்தாள். "என்ன சொன்னாரு? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? உங்கம்மான்னாரு, காருன்னாரு, நாயின்னாரு. காத்து வேற அடிச்சுது, பாதி காதுல விழல. தப்பு பண்ணிட்டேன், தப்பு பண்ணிட்டேன்னு கண்ணாடிய புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை."

"நீ என்ன சொன்ன?"

"போனாப் போகுது விடு, பழைய கதை, அத நான் எப்பவோ மறந்துட்டேன்னு சொன்னேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"ஒரு வயசான மனுஷன் அழும்போது, இரு, யோசிச்சு சொல்றேன்னு சொல்லச் சொல்றியா? நல்லது பண்ணா உனக்கு வலிக்குதா?"

எலாதியா கயிறைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, காற்றடிக்கிறது என்று பாதியைக் காதில் வாங்காத ஒருத்தி வாங்கிக்கொண்டுவிட்டாள். வாங்கியதோடு நிற்காமல் பதிலும் சொல்லிவிட்டாள்.

பெரிய வெள்ளியன்று ஊர்வலம் இல்லை, பாட்டும் இல்லை. தெருவில் கனேலாவின் நகம் கல்லில் உரசும் சத்தம் மட்டும்தான். காவலர்கள் வந்தால் வரட்டும் என்று எலாதியா நடந்தாள். பெனிதாவின் ஜன்னலைக் கடக்கும்போது திரை ஆடியது. இந்தத் தடவை அவள் போன் பண்ணவில்லை.

மார்சியால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவன் முகம் அப்படித் தெளிவாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு லேசாக அவன் இருந்ததில்லை.

எலாதியா முகமூடியைக் கழற்றினாள். "மார்சியால், நான்தான். எலாதியா. அவகிட்ட சொன்னத எங்கிட்ட சொல்லு."

"எலாதியா நேத்து வந்துட்டுப் போயிட்டாளே. நீங்க யாரும்மா? அவ அனுப்பிச்சாளா?"

"நான்தான் எலாதியா. என்னப் பாரு."

அவன் கேட்டதாகத் தெரியவில்லை. "நல்லவ அவ. நான் பண்ணதுக்கு வேற பொம்பளையா இருந்தா மூஞ்சில துப்பியிருப்பா. அவ ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. போனாப் போகுது விடுன்னுட்டா. எப்பவோ மறந்துட்டாளாம்."

"மறக்கல. அவ மறக்கவே இல்ல. அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டா."

மார்சியாலுக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கு என்ன தெரியும் அவளப் பத்தி? ஒரே வீட்ல கூட வாழ்ந்தவன் நான்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஏம்மா அழறீங்க? உங்க வீட்லயும் யாராச்சும் உள்ள இருக்காங்களா?"

எலாதியா ஆமாம் என்று தலையாட்டினாள். வேறு என்ன செய்வது? அவன் கணக்கு முடிந்துவிட்டது. நெஞ்சில் இருந்த முள்ளை எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான். அந்த முள் இப்போது இவளிடம் இருக்கிறது, திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. கண்ணாடியை ஓங்கி அறைந்து, நான் மன்னிக்கவில்லை, கேட்கிறதா, மன்னிக்கவில்லை என்று கத்தலாம். கத்தினால் ஏதோ பைத்தியக்காரி என்று நர்ஸைக் கூப்பிடுவான். அவள் கத்தவில்லை. அவன் நாயோடு கொஞ்சி முடிக்கும்வரை கயிறைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் நோய் இல்லத்துக்குள் புகுந்தது. ஜன்னல்களை எல்லாம் உள்பக்கமிருந்து மூடிவிட்டார்கள். மார்சியால் சீக்கிரமே போய்விட்டான், அதிகம் கஷ்டப்படவில்லை என்று போனில் சொன்னார்கள். அடக்கத்துக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர்தான் வரலாம். பாதிரியார் வந்தார், பெட்டிக்காரர்கள் வந்தார்கள், மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு எலாதியா நின்றாள். அம்மாவுக்கும் இப்படித்தான், மூடிய பெட்டியைத்தான் பார்த்தாள். பாதிரியார், அவர் மன்னிக்கப்பட்டவராகப் போய்ச் சேர்ந்தார் என்றார். அவர் வழக்கமாகச் சொல்கிற வார்த்தைதான். எலாதியா மட்டும் ஆமென் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் பெனிதா வந்து வாசலுக்கு ரெண்டு அடி தள்ளி நின்றாள். கண் வீங்கியிருந்தது. கறுப்பு உடுத்தியிருந்தாள். தன் புருஷன் செத்தபோதுகூட ஒரு மாதத்தில் கழற்றிப் போட்டவள்.

"கனேலாவ அரை மணி நேரம் குடேன்" என்றாள். "அந்தப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடறேன். எனக்கு உள்ள இருக்க முடியல."

எலாதியா உள்ளே போய்க் கயிறைக் கட்டிக்கொண்டு வந்தாள். நாயின் தட்டையும், மிச்சமிருந்த எலும்பு மூட்டையையும் கூடக் கொண்டுவந்து வாசல்படியில் வைத்தாள்.

"இது எதுக்கு? இருட்டறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடறேனே."

"வேணாம். நீயே வெச்சுக்கோ. எனக்கு அந்த மனுஷன் வெச்சிருந்த மத்ததெல்லாம் உங்கிட்டதான இருக்கு."